ஒரே ஒரு ஆணி

தணிகாசலம் அந்த வியாழக்கிழமை சமாதிக்கு வந்தபோது பூவையும் கற்பூரத்தையும் மறந்துவிட்டார். கையில் ஒரு நீள நோட்டு மட்டும் இருந்தது.

பாலாறு காய்ந்து கிடக்கிற கரையில், பேர் தெரியாத ஒரு சாமியாரின் சமாதி அது. அதைக் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றி வருகிறவள் அபரஞ்சி. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தவள். இப்போதும் கடைக்காரர்கள் கொடுத்தனுப்பும் ஜாக்கெட்டுகளுக்கு உட்கார்ந்த இடத்திலேயே கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருப்பாள். வயது நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. ஆனாலும் வருகிறவர்களுக்கெல்லாம் அவள் அம்மாதான். அறுபத்திரண்டு வயது தணிகாசலமும் அம்மா என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை ஐயா என்பாள். இதில் குரு யார், சீடர் யார் என்று புதிதாக வருகிறவன் முழிப்பான். முழிக்கட்டும். மூன்று வருஷமாக வியாழன் தவறாமல் வந்து அவள் எதிரே தரையில் உட்காருகிறவர் தணிகாசலம்தான்.

"அம்மா, எனக்கு ஒரு ஊர் சொல்லணும்" என்றார்.

"ஊரா?"

அவர் சொன்னார். மனைவி கோமளத்துக்கு நுரையீரல் நார் மாதிரி இறுகிக்கொண்டே வருகிறது. மார்ச் மாசம் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்தாயிற்று. இப்போது வீட்டில், மூக்கில் குழாயும் கட்டிலடியில் ஆக்சிஜன் மெஷினுமாக இருக்கிறாள். நல்ல காற்று உள்ள இடமாகக் கூட்டிப்போங்கள், மற்றபடி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று போன வாரம் டாக்டர் சொல்லிவிட்டார். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு, மூன்று மாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதைத் தணிகாசலம் இரண்டு தடவை சொன்னார்.

அப்புறம் நோட்டைப் பிரித்தார். தொலைபேசி இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தவர். எதையும் கோடு போட்டுக் கட்டம் கட்டித்தான் யோசிக்க வரும். பன்னிரண்டு ஊர்களை எழுதி, காற்று, தண்ணீர், கரண்ட், ஆஸ்பத்திரி, கொசு, அக்கம்பக்கம் என்று தலைப்புக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டிருந்தார். கழித்துக் கழித்துக் கடைசியில் மூன்று ஊர் மிஞ்சியது. ஏலகிரி அடிவாரம், ஓசூர், தென்காசி. மூன்றும் ஒரே மார்க்கில் வந்து நின்றதுதான் சங்கடம்.

"நீங்க ஒண்ணைச் சொன்னீங்கன்னா நாளைக்கே லாரி பேசிடுவேம்மா."

அபரஞ்சி நோட்டைப் பார்க்கவில்லை. கொக்கியைச் சுற்றி நூலை இழுத்தாள்.

"இந்த ஊருக்கு எப்ப குடி வந்தீங்க?"

"மூணு வருஷம் ஆச்சு."

"அதுக்கு முன்னால?"

அதைக் கேட்டிருக்க வேண்டாம். அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அரக்கோணத்தில் ரயில் சத்தம். குடியாத்தத்தில் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். ஆரணியில் பக்கத்துக் கோயில் மைக். காஞ்சிபுரத்தில் கொசு. திருப்பத்தூரில் எதிர்வீட்டுக்காரன் சரியில்லை. திருவண்ணாமலையில் எந்நேரமும் கூட்டம். வேலூரில் வெயில். இருபத்தாறு வருஷத்தில் ஏழு வீடு. பாதி ஊர் இலாகா மாற்றல், பாதி ஊர் அவரே கேட்டு வாங்கியது. இந்த வேலூருக்கு வந்த அன்றைக்கு, லாரியிலிருந்து கட்டில் இறங்குவதற்குள்ளேயே, இங்கே ரொம்ப நாள் தாங்காது என்று கோமளத்திடம் சொல்லிவிட்டார். அதனால் ஆறு அட்டைப்பெட்டிகளை இன்னும் பிரிக்கவே இல்லை.

மனுஷர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகுட்டி இல்லாத வீடு, இருக்கிற ஒருத்தியாவது சௌகரியமாக இருக்கட்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் சாமான் கட்டினார்.

"அவங்க என்ன கேட்டாங்க?" என்றாள் அபரஞ்சி.

"யாரும்மா?"

"உங்க வீட்டம்மா."

"அவ என்ன கேப்பா? எதுவும் கேக்க மாட்டா." கொஞ்சம் யோசித்தார். "புது வீட்டுக்குப் போனா, காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிச்சுக் கொடுங்கன்னு கேப்பா. தேதி கிழிக்கிற காலண்டர். காலையில எழுந்ததும் தன் கையால கிழிக்கணும் அவளுக்கு. அதுவும் இப்ப கேக்கறதில்லை."

"அடிச்சுக் கொடுக்கலையா?"

"வீட்டுக்காரங்க ஆணி அடிக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"ஏழு பேருமா?"

தணிகாசலம் நோட்டில் போட்டிருந்த கட்டங்களைப் பார்த்தார்.

"போய் இப்ப இருக்கிற வீட்டுக்காரர்கிட்ட, ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமான்னு கேட்டுட்டு வாங்க ஐயா. அப்புறம் ஊர் சொல்றேன்."

அதைக் கேட்கத்தான் அவரால் முடியாது.

காரணம் இதுதான். அரக்கோணத்து வீட்டுக்காரர் மட்டும் உண்மையாகவே சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொன்னார். அப்போதுதான் வெள்ளையடித்த வீடு, கண்டிப்பான ஆள். அந்த வார்த்தையைத் தணிகாசலம் அங்கிருந்து சாமானோடு கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். குடியாத்தத்தில் கோமளம் ஆணி கேட்டபோது, விட்டுப் போகிற வீட்டில் எதற்கு ஓட்டை போட்டு, அப்புறம் பூசி என்று நினைத்தார். அப்படிச் சொன்னால் அவள் முகம் வாடும். அதனால் வீட்டுக்காரர் கூடாது என்றுவிட்டார் என்று சொன்னார். அவளும் சரி என்றாள். அவ்வளவு சுலபமாக வேலை முடிந்துபோனதால் ஆரணியிலும் அதையே சொன்னார். பிறகு எல்லா ஊரிலும் அதுவே பழகிவிட்டது. கோமளம் காலண்டரைச் சணலில் கோத்து ஜன்னல் கம்பியில் கட்டிக்கொள்வாள். மழை பெய்தால் அவிழ்த்து உள்ளே வைப்பாள்.

வீட்டுக்கு வந்தார். கீழ் வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரர் ஹயாத் பாய். எழுபது வயது, காது மந்தம், தங்கமான மனுஷர். தினமும் காலையில் மோட்டார் போடும்போது இருவரும் எதிர்ப்படுவார்கள். இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டே போவார். வாயைத் திறந்தால் தண்ணீர் ஏறிடுச்சா பாய் என்றுதான் வரும். அடுத்த வியாழன் வந்தது. பாய் பெண்ணைப் பார்க்க ஆம்பூர் போயிருக்கிறார் என்று அபரஞ்சியிடம் கூசாமல் பொய் சொன்னார்.

"சரி, வரட்டும்" என்றாள் அவள். பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

திரும்பி நடக்கையில் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பெண்டாட்டி நாளை எண்ணிக்கொண்டு கிடக்கிறாள், ஒரு ஆணிக்கு இந்தப் பாடா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஆனாலும் மறுநாளும் மோட்டாரைப் பற்றித்தான் பேசினார்.

சனிக்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. மெஷின் நின்றது. பக்கத்தில் வைத்திருந்த சிலிண்டரை மாட்டினார். மாட்டியும், அதிலிருந்து வருகிறது கோமளத்துக்குப் போதவில்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள். விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்தது. அவர் நோட்டை எடுத்து விசிறினார். பன்னிரண்டு ஊரும் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டன. கரண்ட் வர நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நாற்பது நிமிஷத்தில் அவர் வேண்டாத தெய்வம் இல்லை.

மூச்சு கொஞ்சம் அடங்கி அவள் தலையணையில் சாய்ந்ததும், அவர் விடுவிடுவென்று கீழே இறங்கினார். இனி ஒரு நாள்கூட இங்கே வைக்கக் கூடாது, ஊர் பேர் தெரிந்தே ஆக வேண்டும் என்ற வெறிதான் மனசில் இருந்தது.

"பாய், ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா?"

"என்னது?"

"ஆணி பாய். சுவத்துல. காலண்டர் மாட்ட."

ஹயாத் பாய் சிரித்தார். "யாரு சார் வேணாம்னா? நீங்க வந்த அன்னைக்கே ஆளைக் கூட்டிட்டு வந்து, எங்கெங்க ஆணி வேணும்னு கேட்டேனே. நீங்கதானே வேணாம் வேணாம்னு திருப்பி அனுப்பினீங்க? தாராளமா அடிங்க. பத்துகூட அடிங்க. வீடுன்னா ஆணி இல்லாமயா?"

காது மந்தமானவர் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். மாடி ஜன்னல் திறந்தே இருந்தது.

பாயே உள்ளே போய்ச் சுத்தியலும் ஒரு கான்கிரீட் ஆணியும் கொண்டுவந்து கொடுத்தார். தணிகாசலம் படி ஏறினார். பதினான்கு படி. ஒவ்வொரு படியிலும் என்ன சொல்லலாம் என்று தேடினார்.

கோமளம் எழுந்து உட்கார்ந்திருந்தாள். சுத்தியலைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள்.

"அரக்கோணத்துலயாவது அவர் நெசமா சொன்னாரா?"

"சொன்னார் கோமளா. சத்தியமா சொன்னார்."

"மத்தவங்க?"

அவர் சுத்தியலைக் கட்டிலில் வைத்தார்.

அவள் திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பார். அழுதிருந்தால் கூடவே அழுதிருப்பார். அவள் இரண்டும் செய்யவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள்.

"காஞ்சிபுரத்துல அந்த அம்மா எனக்குக் காய்ச்சல்னா மாவு அரைச்சுக் கொடுத்தனுப்புவாங்க. வாங்கிக்குவேன், ஆனா மனசு ஒட்டவே ஒட்டாது. ஒரு ஆணிக்கு இடம் கொடுக்காத பொம்பளை என்ன பொம்பளைன்னு நெனைப்பேன். இங்க பாய் வீட்டுல அந்த அக்கா உயிரோட இருந்தவரைக்கும் மாடிக்கு வந்து வந்து கூப்பிடுவாங்க. நான் போகவே இல்லை. ஆரணியில, திருப்பத்தூர்ல, எல்லாரையும் அப்படியே நெனைச்சுட்டு வந்துட்டேங்க. யார்கூடவும் சேராமயே வந்துட்டேன்."

ஒரு ஆணியை மறைத்ததாகத்தான் தணிகாசலம் அதுவரை நினைத்திருந்தார். ஆறு ஊரில் ஆறு வீட்டு மனுஷர்களையே அவளிடமிருந்து மறைத்திருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது. அந்தக் காஞ்சிபுரத்து அம்மாளும் செத்துப்போய்ப் பத்து வருஷம் இருக்கும். போய்ச் சொல்லித் திருத்தவும் ஆள் இல்லை.

"விட்டுட்டுப் போற வீடுதானேன்னு நெனச்சேன் கோமளா" என்றார். சொன்ன பிறகு அது காதுக்கே கேவலமாக இருந்தது.

"ஆமா. எல்லாத்தையும் விட்டுட்டுத்தானே வந்தோம்" என்றாள். பிறகு, "காலண்டரை எடுங்க" என்றாள்.

காலண்டர் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போன நாளோடு நின்றிருந்தது, மார்ச் பதினேழு. அன்றைக்குத் தேதி ஜூன் ஏழு. அவர் கொத்தாகப் பிடித்துக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க. நாளைக்கு ஒண்ணா நானே கிழிச்சுக்கறேன்."

"இது ரொம்பப் பழைய தேதி கோமளா."

"இருக்கட்டும். இந்த நாளெல்லாம் நான் பார்க்கவே இல்லையே. மயக்கத்துலயே போயிடுச்சு."

அவர் சுவரில் இடம் பார்த்தார். கட்டிலில் படுத்தபடியே அவளுக்குக் கை எட்ட வேண்டும் என்று, தாழ்வாக ஒரு இடத்தில் ஆணியை வைத்தார்.

"இன்னும் மேல."

"கை எட்டாதே."

"எழுந்து நின்னு கிழிச்சுக்கறேன். ட்யூபு அங்க வரைக்கும் வரும்."

"எதுக்கு அந்தக் கஷ்டம்? படுத்துட்டே கிழிக்கலாமே."

கோமளம் சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"இப்ப காலண்டருக்குச் சரி. அப்புறம் என் படம் மாட்டுவீங்கள்ல? அவ்வளவு தாழ மாட்டினா நல்லாவா இருக்கும்? அதுக்குன்னு இன்னொரு ஆணி எதுக்கு, பாவம் பாய் வீட்டுச் சுவர். இதுவே போதும். மேல அடிங்க."

முதல் அடி ஆணியில் விழவில்லை, விரலில் விழுந்தது. இரண்டாவது அடியில் சுண்ணாம்பு உதிர்ந்தது. கண்ணீர் மறைத்ததால் எங்கே அடிக்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. கீழேயிருந்து பாய், மெதுவா சார், மெதுவா என்று கத்தினார். ஒருவழியாக ஆணி இறங்கியது. காலண்டரை மாட்டினார். கோமளம் கட்டிலைப் பிடித்து எழுந்தாள். இரண்டு எட்டு நடந்தாள், மூச்சு வாங்க நின்றாள், இன்னும் ஒரு எட்டு வைத்தாள். இடது கையைக் காலண்டரில் ஊன்றிக்கொண்டு, வலது கையால் மார்ச் பதினேழைக் கிழித்தாள். தாளைக் கசக்காமல் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

அவருக்கு மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. பழகின புத்தி, என்ன செய்வது? நாளுக்கு ஒன்று என்று கிழித்தால் அந்தக் காலண்டர் எந்தக் காலத்திலும் இன்றைய தேதியை எட்டிப் பிடிக்காது. டாக்டர் சொன்னதில் மிச்சம் இருக்கிற இரண்டரை மாசத்தை மார்ச் பதினேழோடு கூட்டினார். அவள் கடைசியாகக் கிழிக்கப்போகும் தாள் ஜூன் முதல் வாரத்தில் வந்து நின்றது. அவர் ஆணி அடித்துக்கொண்டிருந்த அதே வாரம். தப்பாக இருக்குமோ என்று விரல் விட்டு மறுபடி கூட்டினார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

அடுத்த வியாழன் சமாதிக்குப் போனார். பழக்கதோஷத்தில் நோட்டும் கூட வந்திருந்தது.

"ஆணி அடிச்சாச்சும்மா" என்றார்.

அபரஞ்சி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். போன வாரம் பாய் ஆம்பூர் போனதாகச் சொன்னது பொய் என்றும் சொன்னார். ஆறு வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொன்னார். ஆணியை மேலே அடிக்கச் சொன்னதைச் சொல்லும்போது பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி சொன்னார்.

சொல்லி முடித்தும் அவருக்குப் பாரம் இறங்கவில்லை. நோட்டைப் பிரித்தார்.

"நீங்க சொன்னதைச் செஞ்சுட்டேன். இப்பவாவது ஊரைச் சொல்லுங்கம்மா. தென்காசியில நல்ல காத்துன்னு சொல்றாங்க. அங்க கூட்டிட்டுப் போனா இன்னும் ஒரு மாசம், பத்து நாள்... நான் அவளுக்கு எதுவுமே செய்யலையேம்மா. இந்த ஒண்ணையாவது செஞ்சுடறேன். எங்க கூட்டிட்டுப் போகட்டும், சொல்லுங்க."

அபரஞ்சி ஊசியை ஜாக்கெட்டில் குத்திவிட்டு அதைக் கீழே வைத்தாள். மூன்று வருஷத்தில் அவள் வேலையைக் கீழே வைத்து அவர் பார்த்ததில்லை.

"இன்னைக்குத் தேதி கிழிச்சாங்களா?"

"கிழிச்சா. மார்ச் இருபத்திரண்டு."

"நீங்க பார்த்தீங்களா?"

அவர் யோசித்தார். அந்த நேரத்தில் வாசலில் நின்று, தென்காசிக்கு லாரி கிடைக்குமா என்று போனில் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி உள்ளே வந்தபோது தாள் தலையணைக்கு அடியில் இருந்தது.

"இல்லம்மா."

"அவங்க குடி வந்துட்டாங்க ஐயா. நீங்க எப்ப வர்றீங்க?"